படித்தாலும் நாள் கழியாது

கரும்பாலை ஊர் என்று பேர்பெற்ற பெரம்பலூர் மாவட்ட எறையூரில் இன்று சிப்காட் வளாகமும் காலணித் தொழிற்சாலையும் வந்திருக்கின்றன. இந்த வட்டாரத்தில் கஞ்சா வழக்கில் தண்டனை பெறும் இளைஞர் போய்ச் சேருமிடம் திருச்சி மத்திய சிறை. அங்கே சிறைக்குள்ளேயே ஐ.டி.ஐ. நடக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு எழுதலாம். இக்னோவில் கட்டணமின்றிப் பட்டமும் படிக்கலாம். ஆனால், போதைப்பொருள் வழக்குக் கைதியை அந்த வகுப்பறையின் பலனிலிருந்து சட்டமே தள்ளி வைக்கிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தால் தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களைக் கழித்தால், ஓராண்டுப் பயிற்சியைக்கூட முடிக்க முடியாது. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. படிக்க நேரம் நிறைய, பலன்தான் இல்லை. பிற கைதிகளுக்கு நன்னடத்தைக்கும் உழைப்புக்கும் நாள் கழியும். இவருக்கு 32ஏ பிரிவு ஒரு நாளையும் கழிக்க விடாது. தாது என்பவரின் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு மீட்டுத் தந்தது. தண்டனைக் குறைப்புக்கான தடையை அப்படியே விட்டது.

பெரிய கடத்தல்காரரை எண்ணி எழுதிய விதி, கூலிக்கு மூட்டை தூக்கியவரையும் அதே கயிற்றில் கட்டுகிறது. இது அநீதி. சான்றிதழ் பெறும் கைதிக்கேனும் 32ஏ தளர்த்தப்பட வேண்டும். அமெரிக்காவும் 1994இல் கைதிகளின் கல்லூரி உதவித்தொகையைப் பறித்து, 2023 ஜூலையில்தான் திருப்பித் தந்தது. சிறையில் படித்தவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் 2013 ஆய்வு சொல்லியிருந்தது.

சிறிய அளவு வழக்குகளுக்குத் திருத்தம்கூடத் தேவையில்லை. போதைக்கு அடிமையானவர் சம்மதித்தால், அதே சட்டத்தின் 39ஆம் பிரிவின்கீழ் நீதிபதி அவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். பிறகு மூன்றாண்டு வரை பிணைப்பத்திரத்தில் விடலாம். அந்தக் காலத்தில் வெளியிலேயே ஐ.டி.ஐ. முடித்துவிடலாம்.

மிச்சமிருப்பது வேலை. பழைய வழக்கைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கும் கம்பெனிகள் ஏராளம். எறையூர் சிப்காட்டுக்கு நிலம் ஒதுக்கியது அரசு. திருச்சி சிறை ஐ.டி.ஐ.யில் தேறியவர்களுக்குத் தொழில்பழகுநர் இடம் வேண்டும் என்று அந்த ஆலைகளிடம் கேட்கும் உரிமை பெரம்பலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டு. அதை இந்த ஆண்டே கேட்க வேண்டும்.