தொகுப்பான் மாற்றமும் மீளக்கட்டல் என்னும் மூடமரபும்

மூலநிரலைத் தத்தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் பணிசெயல் முறைமைகளைக் கையாள்வோரிடையே விதியொன்று வேதவாக்காக வழங்கி வருகின்றது. தொகுப்பான் புதுப்பிக்கப்பட்டால் முறைமையிலுள்ள பொதிகள் அனைத்தையும் மீளத் தொகுத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. ஏன் என வினவின், அவ்வாறு செய்தாலன்றி முறைமை நிலைபெறாது என்பர். காரணம் கூறப்படாத விதியைச் சடங்கு என்றழைப்பதே பொருந்தும். ஜென்டூவைப் பயிலும் நம் மாணவர் பலர் இச்சடங்கை ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளமையால் இதனை எழுத நேர்ந்தது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். அந்நாட்களில் பேலியகொடையில் மீன்சந்தைக்கு அணித்தாக ஒரு வாடகை அறையில் நாம் மூவர் தங்கியிருந்தோம். தொகுப்பானைப் புதுப்பித்த நண்பரொருவர், மூத்த மாணவர் ஒருவரின் அறிவுரைப்படி அனைத்தையும் மீளத் தொகுக்கத் தொடங்கினார். இடைநின்ற வரிசையைத் தொடர ஜென்டூவில் வழியுண்டு; ஆயினும் நின்றுபோன பொதி வழமையாக முதலிலிருந்தே தொகுக்கப்படும். குரோமியம் உலாவி போன்றவற்றிற்குப் பல மணி நேரம் வேண்டும். மின்சாரம் வரும், உலாவியின் தொகுப்பு தொடங்கும், முடியுமுன் மின்சாரம் நிற்கும். இவ்வாறே ஐந்து நாட்கள் கழிந்தன. அவரது ஆய்வறிக்கை உரிய நாளில் ஒப்படைக்கப்படவில்லை. பின்னர் யாம் ஆராய்ந்தபோது, அவருடைய கணினியில் மீளத் தொகுக்கவேண்டிய பொதி ஒன்றேனும் இருக்கவில்லை.

இஃது எவ்வாறு எனின், சி மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் முறை தொகுப்பானின் பதிப்பால் தீர்மானிக்கப்படுவதன்று. அம்முறை தனியொரு நியமமாக வகுக்கப்பட்டுள்ளது. தொகுப்பான் அதற்குக் கட்டுப்பட்டது. ஆகவே பழைய தொகுப்பான் ஆக்கிய நூலகமும் புதிய தொகுப்பான் ஆக்கிய நிரலும் பிணக்கின்றி இயங்கும்.

சி பிளஸ் பிளஸ் மொழியின் கதை வேறு. அதன் நியம நூலகம் ஜிசிசி தொகுப்பானுடனேயே வருவது. 2004இல் வெளியான 3.4ஆம் பதிப்போடு அந்நூலகம் ஆறு என்னும் இலக்கத்தைப் பெற்றது. அதற்கு முந்திய நூலகத்தோடு பிணைந்த நிரல்களை மீளத் தொகுப்பது அன்று நியாயமாயிற்று. அவ்விலக்கம் அதன்பின் மாறவேயில்லை என்பதைச் சடங்காளர் கவனிப்பதில்லை. 2015இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, 2011ஆம் ஆண்டு நியமத்துக்கிணங்கச் சரம், பட்டியல் என்னும் இரு வகைகளின் உள்ளமைப்பு மாற்றப்பட்டது. ஒரே சரத்தைப் பலர் பகிர்ந்து, எழுதும்போது மட்டும் படியெடுக்கும் பழைய உத்தியை அந்நியமம் அனுமதிக்கவில்லை. எனினும் நூலகத்தை ஆக்கியோர் பழைய வடிவையும் புதிய வடிவையும் ஒருங்கே வைத்தனர். பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்கின. ஒரு பொதி புதிதாகவும் அதனிடம் சரத்தைக் கொடுத்து வாங்கும் மற்றொன்று பழையதாகவும் இருந்தவிடத்தே தொல்லை எழுந்தது. அவ்வாண்டு ஜென்டூ விடுத்த அறிவித்தலும் அந்நூலகத்தைச் சார்ந்த பொதிகளை மீளத் தொகுக்குமாறே கூறிற்று. ஜென்டூவினர் 'உலகம்' எனப் பெயரிட்டு வழங்கும் முழுத் தொகுதியையும் தொகுக்குமாறு அது கூறவில்லை.

உலகம் முழுவதையும் தொகுக்கச் சொன்ன காலமும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 2017இன் இறுதியில், நினைவகத்தின் எவ்விடத்திலும் ஏற்றத்தக்க நிரல்களை ஆக்குவதை ஜென்டூ இயல்புநிலை ஆக்கியது. பழைய நிலையியல் நூலகங்கள் அத்தகைய நிரல்களோடு பிணைய மறுக்கும். எனவே முழு மீளத்தொகுப்பு தகுந்த அறிவுரையே. ஆயினும் காரணம் தொகுப்பானின் பதிப்பு மாற்றமன்று, அதன் இயல்புநிலை மாற்றமே. ஹாஸ்கெல் மொழியில் தொகுப்பான் பதிப்பு மாறுந்தோறும் நூலகங்களை மீளத் தொகுத்தல் மெய்யாகவே வேண்டும். அதற்கெனத் தனிக் கருவியும் ஜென்டூவில் உண்டு. ஒன்றின் தேவையை எல்லாவற்றின்மேலும் ஏற்றுவதையே யாம் மறுக்கின்றோம்.

2021இல் களனி ஆற்றின்மீது புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் தடத்தில் நின்றவையும் அதனோடு இணைந்த வீதிகளும் மாற்றத்துக்குள்ளாயின. அதற்காகப் பேலியகொடை முழுவதையும் இடித்துக் கட்டுமாறு எவரும் கோரவில்லை!

புதிய தொகுப்பான் வேகமான நிரலைத் தரும் என்பாரும் உளர். தரலாம். ஐந்து நாள் தொகுப்பை ஈடுசெய்யும் வேகமா என்பதை அவர்களே அளந்து கூறட்டும்.

இதனைக் கேட்டு, மூலநிரலோடு மல்லாடுவதே வீண் என நகைப்போர்க்கும் ஒன்று சொல்வோம். 2015இன் மாற்றத்தை டெபியன் முறைமையும் எதிர்கொண்டது. அங்கே பல நூலகப் பொதிகள் பெயரே மாற்றப்பட்டு மீளத் தொகுக்கப்பட்டன. அவ்வுழைப்பைப் பிறர் செய்தமையால் நகைப்போர் கண்ணுக்கு அது புலப்படவில்லை, அவ்வளவே. எது எதனைச் சார்ந்தது எனத் தானே காணும் வாய்ப்புத்தான் மூலநிரல் முறைமையால் மாணவன் பெறும் ஊதியம். கண்ணை மூடிக்கொண்டு உலகம் முழுவதையும் தொகுப்பவன் அதனையும் இழக்கின்றான்.

புதிய தொகுப்பானை நிறுவியபின் பழையதை உடனே நீக்காதிருத்தல் நன்று. புதியதால் ஆக்கிய நிரல் புதிய நூலகத்தையே வேண்டி நிற்பதால், பின்னோக்கித் திரும்புதலே இடர் மிக்கது. அறுந்த இணைப்புகளைத் தேடித்தரும் கருவியொன்றும் ஜென்டூவில் உண்டு. அன்று நண்பர் அதனை ஏவியிருப்பின் சில நிமிடங்களில் விடை கிடைத்திருக்கும். மின்சாரம் நிற்பதற்கு முன்னரே.