4கே எல்லாம் இருக்கட்டும், ராத்திரியில நம்பர் தெரியுமா?

நம்ம வெண்ணந்தூர்ப் பக்கம் புதுசா கார் எடுக்கிறவங்க தவறாம மூணு வேலை பண்றாங்க. கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயி டயருக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கிறது, சீட் கவர் போடுறது, முன்கண்ணாடியில டேஷ்கேம் ஒட்டுறது. முதல் ரெண்டும் அவங்கவங்க இஷ்டம். மூணாவதைப் பத்தித்தான் எனக்கு வயித்தெரிச்சல்.

"என்ன கேமராங்க?"ன்னு கேட்டா "4கே"ங்கிறாங்க. ஏன் 4கே? "க்ளாரிட்டிங்க!" உடனே போனை எடுத்துப் பகல்ல எடுத்த வீடியோவைக் காட்டுறாங்க. அத்தனூர்ப் பக்கம் ரோட்டோரத் தென்னை மட்டை மட்டையாத் தெரியுது. ரொம்ப சந்தோசம். ராத்திரி எடுத்ததைக் காட்டுங்கன்னா பேச்சு வேற பக்கம் போயிடுது.

மக்களே, டேஷ்கேம்ங்கிறது தென்னைமரத்தைப் படம் எடுக்கிற சாமான் இல்ல. இடிச்சிட்டு நிக்காம போறவனோட நம்பரைப் பிடிக்கிற சாமான். அதுவும் உங்க காரை இடிச்சவன் நம்பர் மட்டுமில்ல. உங்களுக்கு முன்னாடி டூவீலர்ல போன ஆளை இடிச்சவன் நம்பரும்தான். அந்த நம்பருக்கு என்ன மதிப்புன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

முப்பது வயசு தறிக்காரர் ஒருத்தர். மாசம் 15 ஆயிரம் வருமானம். அவரை நம்பி வீட்டுல நாலு பேர். நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப ஒரு வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுது, ஆள் இல்ல. வண்டி எதுன்னே தெரியலைன்னா, 2022 ஏப்ரல் 1ல வந்த திட்டப்படி குடும்பத்துக்கு 2 லட்சம். (அதுக்கு முன்னாடி வெறும் 25 ஆயிரம்தாங்க!) நம்பர் தெரிஞ்சு, வண்டி மேல தப்புன்னு நிரூபணமானா கேஸ் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்க சுப்ரீம் கோர்ட்டோட 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகள்ல இருக்கிற கணக்குதான். வருசம் 1,80,000. எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டினா 2,52,000. சொந்தச் செலவுக்கு நாலுல ஒரு பங்கு கழிச்சா 1,89,000. முப்பது வயசுக்கு 17ஆல பெருக்கணும். 32 லட்சத்துக்கு மேல வருது.

2 லட்சம் எங்க, 32 லட்சம் எங்க? நடுவுல நிக்கிறது ஒரு நம்பர் ப்ளேட். உங்க கேமராவுல தென்னமட்டை தெரிஞ்சு அந்த நம்பர் தெரியலைன்னா அதை வச்சு என்னங்க பண்றது?

இப்ப 4கே கதைக்கு வருவோம். 1080பி படத்துல சுமார் 20 லட்சம் புள்ளி. 4கேயில சுமார் 83 லட்சம். சென்சார் சைஸ் அதேதான்னா ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற எடம் நாலுல ஒரு பங்கு, வெளிச்சமும் அப்படியே. சோனியோட ஐஎம்எக்ஸ் 307 சென்சார்ல புள்ளி 2.9 மைக்ரான். அதே சைஸ்ல 4கேக்கு வர்ற ஐஎம்எக்ஸ் 415ல 1.45. பகல்ல 415 ஜெயிக்கும். தெருவிளக்கில்லாத ரோட்டுல ராத்திரி பத்து மணிக்கு என்ன ஆகும்? 4கேயே கெட்டதுன்னு சொல்ல வரல. ஐஎம்எக்ஸ் 678 மாதிரி பெரிய சென்சார் போட்ட 4கே நல்லாவே இருக்கும், விலையும் அப்படித்தான் இருக்கும். ஆனா நம்ம ஊர்க்காரங்க வாங்குற மலிவு டப்பா பலதுல 50 லட்சம் புள்ளி சென்சாரைப் போட்டு, படத்தை இழுத்துப் பெருசாக்கி 4கேன்னு அட்டையில அச்சடிச்சிருக்கான். அதனால அட்டைப்பெட்டியில 4கே இருக்கான்னு தேடாதீங்க, சென்சார் பேர் இருக்கான்னு தேடுங்க. பேரே போடலைன்னா வச்சிட்டு வந்துடுங்க.

எவ்வளவு நல்ல கேமராவுக்கும் ஒரு எல்லை இருக்கு. ராத்திரியில ஒரு ப்ரேமுக்கு முப்பதுல ஒரு செகண்டு வரைக்கும் ஷட்டர் திறந்திருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்துல அந்த நேரத்துக்குள்ள வண்டி முக்கால் மீட்டர் ஓடிடும். எதிர்ல வர்ற வண்டி நம்பர் இழுவிப்போறது அதனாலதான். உங்களைத் தாண்டி முன்னாடி போற வண்டி நம்பர் கிடைக்கும், கிடைக்கணும். வாங்கினதும் திருப்பிக் கொடுக்கிற தேதி முடியறதுக்குள்ள ஒருநாள் ராத்திரி 44ஆம் நம்பர் ஹைவேயில (நம்ம பழைய 7தான்) ஒரு லாரி பின்னாடி போங்க. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல நிறுத்தி நிறுத்திப் பாருங்க. டிஎன் 28ஆ டிஎன் 23ஆன்னு சந்தேகம் வந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. ஒண்ணு நாமக்கல், இன்னொண்ணு வேலூர்!

அடுத்து வெயில். சித்திரை மாசம் வெளிய நிறுத்தின காருக்குள்ள கை வைக்க முடியுமா? அந்தக் கண்ணாடியில லித்தியம் பேட்டரி வச்ச கேமராவை ஒட்டினா அப்பளம் மாதிரி உப்பும். சூப்பர் கெபாசிட்டர் போட்டதாக் கேளுங்க. மெமரி கார்டும் அப்படித்தான். "ஹை எண்டூரன்ஸ்"னு போட்டிருக்கணும். ஆயிரக்கணக்குல கேமராவுக்குக் கொடுத்துட்டு, பழைய போன்ல கெடந்த கார்டைச் சொருகுறவங்களை என்ன சொல்றது?

அதிர்ச்சி தெரிஞ்சா கிளிப்பைப் பூட்டி வைக்கிற ஜி சென்சாரை "லோ"ல வைங்க. "ஹை"ல வச்சா நம்ம ஊர் வேகத்தடை ஒவ்வொண்ணும் அதுக்கு விபத்துதான். ஆட்டையாம்பட்டிக்கு முறுக்கு வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள பாதி கார்டு பூட்டிக்கும் :-)

எனக்கு நிஜமாவே கோவம் வர்ற எடம் இனிமேதான். விபத்தைப் பார்த்ததும் கிளிப்பை வாட்சப் குரூப்புல போட்டுட்டு, "ஷேர் பண்ணுங்க ப்ரெண்ட்ஸ்"னு எழுதிட்டு, கார்டைக் கேமராவுலயே விட்டுட்டுப் போயிடுறாங்க. 4கேயில மணிக்குப் பத்துப் பதிமூணு ஜிபி ஓடும். 64 ஜிபி கார்டு அஞ்சாறு மணி நேரத்துல பழசை அழிச்சிடும். வாட்சப்புல போனது கசக்கிப் புழிஞ்ச நகல். 2020ல அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு. பதிவு பண்ணின சாதனத்தையே அதோட சொந்தக்காரர் கோர்ட்டுல கொண்டாந்து சாட்சி சொன்னா சான்றிதழ் வேணாம், நகல்னா சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலையில வந்த புது சாட்சியச் சட்டத்தோட 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ல, பைலோட ஹேஷ் மதிப்பு வரைக்கும் எழுதணும். தீர்ப்பாயத்துல இவ்வளவு கெடுபிடி இருக்காதுதான். ஆனா டிரைவர் மேல நடக்கிற கிரிமினல் கேஸ்ல இருக்கும். அதனால கார்டை உடனே கழட்டி ஒரு கவர்ல போட்டு எடுத்து வைங்க. ஸ்டேசனுக்கு நகல் கொடுங்க. ஸ்டேசனுக்குப் போக நேரமில்ல, குரூப்புல போட நேரமிருக்குன்னா அந்தக் கேமரா எதுக்கு?

"நான் 110ல போனதும் அதுல பதிவாகுமேங்க, ஜிபிஎஸ் எனக்கே ஆப்பு வைக்குமே"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. ஆமாங்கண்ணா, வைக்கும். 110ல போகாதீங்க!

இன்னொண்ணு. இத்தனை லாரி ஓடுற நாமக்கல் மாவட்டத்துல பெரிய வண்டி மேலதான் தப்புன்னு மொதல்லயே முடிவு பண்ணி டிரைவர் சட்டையைப் பிடிக்கிறது வழக்கம். 2024 ஜனவரியில வடக்க லாரிக்காரங்க ஸ்டிரைக் பண்ணப்ப, நின்னா கூட்டம் அடிக்கும், ஓடினா புதுச்சட்டப்படி பத்து வருசம் ஜெயில்னுதானே கேட்டாங்க? உங்க கார் கேமராவுல, டூவீலர்தான் குறுக்க வந்துச்சுன்னு பதிவாயிருந்தா அதையும் இதே மாதிரி கொண்டு போயிக் கொடுக்கணும். அடிச்ச வண்டிக்கு எதிரா மட்டும்தான் சாட்சி சொல்லும்னு கேமராவுக்கு ஒண்ணும் விதி இல்ல.

பி.கு: மைக்கை ஆஃப் பண்ணி வைக்காதீங்க. ஓடுற வண்டி நம்பர் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சா சத்தமா, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க. படத்துல தெரியலைன்னாலும் உங்க குரல்ல பதிவாகியிருக்கும். பத்து பைசா செலவில்ல.