யார் பூசினால் ஸ்டைல், யார் பூசினால் ஓவர்?

இந்த வாரப் பத்தியில் நெயில் பாலிஷ் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். நாட்டில் எழுத வேறு விஷயமே இல்லையா என்ற சிரிப்பு. ஆனால் இந்த விஷயத்தை நமக்கு வெகுகாலம் முன்பே தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் சாதி வெறியர்கள்தான்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. ஏழாவதாக வருவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்: பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் ‘சாஃப்ரன் பேஸ்ட்’ என்று இருக்கிறது. முகவைச் சீமையில் களை பறித்த பெண்கள் குங்குமப்பூவை அரைத்தா பூசியிருப்பார்கள்? மஞ்சள்தான். தடையை மதிக்காதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் ஆடுமாடுகளும் சூறையாடப்பட்டன.

தங்கத்தைத் தடுத்ததற்காவது ஒரு கணக்கு இருக்கிறது. தங்கம் சொத்து, சேர்ந்தால் கூலிக்கு வராமல் போய்விடுவார்கள் என்ற பயம். ஒரு துண்டு மஞ்சளில் என்ன சொத்து சேரும்? நாள் முழுக்க வெயிலில் வேகிற ஒருத்தி, பொழுது சாய்ந்ததும் முகம் கழுவி, மஞ்சள் பூசி, தன் முகத்தைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். அந்த ஒரு பார்வையைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்று அப்படித் தீர்மானம் போட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அதனால் தடை இப்போது ரசனை என்ற பெயரில் வருகிறது. “என்ன இது, காலனிப் பொண்ணு மாதிரி”, “லோக்கலா இருக்கு”, “ஜிகுஜிகுன்னு”, “ஓவரா இல்ல?” இந்த வாக்கியங்களைக் கேட்காமல் வளர்ந்த சேரிப் பெண் யாராவது இருந்தால் எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள். கறுத்த முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நிற்பதைத் தமிழ் சினிமா எத்தனை வருடங்களாக நகைச்சுவை என்று விற்றிருக்கிறது! அதே நியான் பச்சை நகத்தை ஒரு நகரத்துப் பெண் ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் போட்டால் அது ‘போல்டு’. இருபது ரூபாய்க்கு எங்கள் தெருப் பெண் போட்டால் ‘டேஸ்ட் இல்லை’.

இது புதிதும் அல்ல. திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 1859-ல் வந்த அரசாணை மார்பை மறைக்க அனுமதித்தது. ஒரு நிபந்தனையோடு: உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதைப்போல உடுத்தக் கூடாது. போட்டுக்கொள், ஆனால் எங்களைப்போல போடாதே. ஆண்களும் இதிலிருந்து தப்பவில்லை. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று மருத்துவர் ராமதாஸ் பேசியது 2012-ல். அந்த ஆண்டு நவம்பர் 7-ம் தேதிதான் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. ஒரு கண்ணாடியும் ஒரு டி-ஷர்ட்டும் அரசியல் குற்றச்சாட்டாக முடியும் மாநிலத்தில் நெயில் பாலிஷ் மட்டும் எப்படி அற்ப விஷயமாகும்?

சரி, கடைக்கு வருவோம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஃபேன்சி ஸ்டோரில் போன மாதம் 385 ரூபாய்க்கு வாங்கினேன். பெயரில்லாத நெயில் பாலிஷ் ஒன்று 20, பெயருள்ளது ஒன்று 60, லிப்ஸ்டிக் 110, காம்பேக்ட் 150, கண்மை 45. மூன்று வாரம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, அதிலேயே வேலைக்கும் போனேன்.

காம்பேக்ட்தான் முதலில் காலை வாரியது. கடையில் இருந்தது மூன்றே ஷேடு. ஐவரி, நேச்சுரல், பீஜ். கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இதையே எடுத்துக்கம்மா, போட்டா கொஞ்சம் கலரா தெரிவ” என்று நடுவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அன்பாகத்தான் சொன்னார். நான் பீஜைக் கேட்டு வாங்கினேன். அதுவே பத்து நிமிடத்தில் வியர்வையோடு சேர்ந்து சாம்பல் பூத்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்ததுபோல. இதற்குக் காரணம் என் தோல் அல்ல. டால்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளை. அவற்றோடு சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடு நிறமிகளைப் போதுமான அளவு கலந்தால்தான் கறுத்த தோலோடு பொருந்தும். இரும்பு ஆக்சைடு ஒன்றும் விலை உயர்ந்த பொருள் இல்லை. நிறைய ஷேடு வைத்தால் சரக்கு தேங்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றுதான் வைக்க முடியும் என்றால், அந்த மூன்றில் ஒன்றுகூட இந்த ஊர்க்காரர்களின் நிறத்தில் ஏன் இல்லை? 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்தபோது உலகமே அதைப் பேசியது. எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

லிப்ஸ்டிக்கில் ‘நியூட்’ என்று ஒரு வகை உண்டு. உடம்பு நிறம் என்று பொருள். யாருடைய உடம்பு? டெஸ்டரைக் கையில் இழுத்துப் பார்த்தேன். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தவள் உதடு மாதிரி இருந்தது. அலுவலகங்களில் ‘டீசன்ட்’ என்று சொல்லப்படுவது இந்த நிறம்தான் என்பதையும் கவனியுங்கள். நான் எடுத்தது நாவல்பழ நிறம். செங்கல் சிவப்பு, மரூன், கத்தரிக்காய்த் தோல் நிறம் எல்லாமே நம் முகத்தில் அருமையாக உட்காரும். “டார்க் ஸ்கின்னுக்கு டார்க் கலர் போடாத” என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லக்கூடத் தேவையில்லை. கண்மை விஷயத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை, அது நாற்பத்தைந்து ரூபாயிலும் ராஜா.

ஆனால் மூன்று வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது நெயில் பாலிஷ்தான். என் அம்மாவுக்கு எந்தக் கம்பெனி நெயில் பாலிஷாக இருந்தாலும் பெயர் ‘கியூடெக்ஸ்’. தீபாவளிக்கு ஒரு பாட்டில் வாங்கினால் தெருவில் எட்டுப் பத்துப் பேர் விரலுக்கு அது போகும். இருபது ரூபாய் பச்சை, மூன்று கோட் அடித்தும் ரெண்டு நாள் பாத்திரம் கழுவியதில் உரிந்துவிட்டது. அறுபது ரூபாய் மரூன் ஐந்து நாள் தாங்கியது. அதெல்லாம் இருக்கட்டும். முகத்துக்குப் போடும் எல்லாமே ஏதோ ஒரு வகையில் என்னை வெளுக்கச் சொல்கிறது. நகத்துக்கு ஷேடு பொருத்தமே கிடையாது. கறுத்த விரலில் ஆரஞ்சும் மஞ்சளும் எரிகிற எரிப்பு வெளுத்த விரலில் வராது. இன்னொன்று, முகப்பூச்சைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், பெரும்பாலும் பார்ப்பது அடுத்தவர்தான். நகத்தைப் பார்ப்பது போட்டவள். கீபோர்டில் தட்டும்போது, வெங்காயம் நறுக்கும்போது, பஸ் கம்பியைப் பிடித்து நிற்கும்போது.

நான் படித்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பூசிய நெயில் பாலிஷைத் திங்கள்கிழமை பிளேடால் சுரண்டச் சொல்வார்கள். “இதெல்லாம் உங்களுக்கு எதுக்குடி?” என்று வார்டன் கேட்பார். ‘உனக்கு’ என்றால் ஒழுக்கம் பற்றிய கேள்வி என்று விட்டுவிடலாம். ‘உங்களுக்கு’ என்பது வேறு கேள்வி.

இனி அந்தத் தோழரின் சிரிப்புக்கு வருகிறேன். “பெரியாரைப் படித்தவள் லிப்ஸ்டிக் போடலாமா?” என்று நம் பக்கத்து ஆண்கள் கேட்பதுண்டு. பெரியார் பெண்களின் நகை மோகத்தையும் அலங்காரத்தையும் கடுமையாகச் சாடினார், முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளச் சொன்னார் என்பது உண்மை. அதை மழுப்ப வேண்டியதில்லை. அவர் எதிர்த்தது பெண்ணை ஆணின் சொத்தைக் காட்டும் அலமாரியாக ஆக்கியதை. கழுத்து நிறையத் தங்கம் போட்டு உட்கார வைத்தால் அவளால் ஓடவும் முடியாது, உழைக்கவும் முடியாது. அறுபது ரூபாய் மரூனை யாரும் வரதட்சணையாகக் கேட்பதில்லை, அடகு வைப்பதில்லை, மாமியார் வாங்கிப் பீரோவில் பூட்டுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் பஞ்சில் நாலு சொட்டு ரிமூவர் போதும். தவிர, பெரியாரை மேற்கோள் காட்டி என் நகத்தைப் பரிசோதிக்கும் தோழர்கள் தங்கள் கல்யாணத்தில் எத்தனை பவுன் வந்தது என்று சொல்லிவிட்டுப் பேசினால் விவாதம் சுவாரசியமாக இருக்கும்.

அண்ணல் அம்பேத்கர் விஷயம் இன்னும் நுட்பமானது. 1927 டிசம்பரில் மகாடில் கூடியிருந்த பெண்களிடம் அவர் பேசியது ஆடை பற்றியும் நகை பற்றியும். கழுத்திலும் முழங்கை வரையும் நீங்கள் அடுக்கும் மலிவான நகைகள் உங்களைத் தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டுகின்றன, அவற்றை விடுங்கள், சேலையை மற்றப் பெண்களைப்போலக் கட்டுங்கள் என்ற பொருளில் பேசினார். “பார்த்தீர்களா, மலிவானதைப் போடாதே என்று அவரே சொல்லியிருக்கிறார்” என்பார்கள். அவர் சொன்னது அடையாளத்தைப் பற்றி. அந்த நகைகள் சாதி மாட்டிவிட்ட அட்டை. வேறு எதையும் போட விடாமல் இதை மட்டும் விட்டுவைத்தார்கள். ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவரே இந்தூர் பகுதியின் பலாய் மக்கள் மீது 1928-ல் விதிக்கப்பட்ட விதிகளை எடுத்துக் காட்டுகிறார். பலாய் பெண்கள் தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது, அழகான பாவாடையோ ரவிக்கையோ உடுத்தக் கூடாது என்பவை அதில் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மகாட் பேச்சு புரியும். உன் உடம்பில் எது இருக்க வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்யக் கூடாது என்பதே இரண்டிலும் இருப்பது. கோட்டு சூட்டு இல்லாத அம்பேத்கரைக் கற்பனை செய்து பாருங்கள், முடிகிறதா?

இதைச் சொன்னதும் லிப்ஸ்டிக் வாங்குவதுதான் விடுதலை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 45 ஆண்டுகள் நம் வீட்டு அலமாரிகளில் உட்கார்ந்து வெளுப்பை விற்றது. 2020-ல் உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பெயரைத்தான் மாற்றினார்கள். மினுமினுக்கும் நெயில் பாலிஷிலும் ஹைலைட்டரிலும் பெரும்பாலும் இருப்பது மைக்கா, நம் அப்ரகம். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களின் குழிகளில் இறங்கிக் குழந்தைகள் அதைப் பொறுக்குகிறார்கள். மண் சரிந்து செத்தும் போகிறார்கள். பொறுக்குகிறவர்களில் ஆதிவாசிகளும் தலித்துகளும் ஏராளம். இது மலிவுப் பொருளின் பாவம் மட்டுமல்ல, பன்னாட்டுக் கம்பெனிகளின் பளபளப்பும் அங்கிருந்து போயிருக்கிறது. மினுமினுப்பு இல்லாத கிரீம் ஃபினிஷ் வாங்குவது என் சொந்த ஏற்பாடு. அதனால் அந்தக் குழி மூடிவிடாது என்பதும் தெரியும்.

வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இவை இல்லாததை உதட்டுக்கும் கண்ணுக்கும் கொண்டு போகாதீர்கள். என் இருபது ரூபாய் பச்சையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை, அதை இனி வாங்கமாட்டேன். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பொறுங்கள். நெயில் பாலிஷைப் பூட்டிய அறையில் போடாதீர்கள், அந்த வாசனை முழுக்கக் கரைப்பான். தடியாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லிசாக ரெண்டு நல்லது.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி ஆறு மாத பியூட்டீஷியன் கோர்ஸ் முடித்துவிட்டுக் கல்யாண மேக்கப் போடுகிறாள். கறுத்த பெண்ணை வெளுக்க வைக்காமல் மேக்கப் போடத் தெரிந்தவள், இந்த வட்டாரத்தில் நான் பார்த்தவரை அவள் ஒருத்திதான். இரண்டு கம்பெனி ஃபவுண்டேஷனைக் கலந்து, அதில் துளி மரூன் லிப்ஸ்டிக்கைக் குழைத்து நிறம் பிடிப்பாள். அவள் போனுக்கு ஊர்ப் பக்கத்திலிருந்தும் அழைப்பு வருகிறது. போட்டோ பார்த்துப் பிடித்துப்போய், விலை பேசி, தேதி சொல்லி, கடைசியில் கேட்பார்கள்: “நீங்க எந்தத் தெரும்மா?” சொன்னதும் “வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்.” மணப்பெண்ணின் முகத்தை அவள் விரல் தொட வேண்டுமே. போன முகூர்த்த மாதத்தில் மட்டும் மூன்று அழைப்பு இப்படிப் போயிற்று. இப்போது தெருவைக் கேட்பதற்கு முன்பே பாதிப் பணத்தை அட்வான்ஸாக ஜிபே பண்ணச் சொல்லிவிடுகிறாள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்று முதல் மெசேஜிலேயே எழுதிவிடுகிறாள்.