மாநில உரிமையும் நிலக்கரிச் சுரங்கமும்

ஆளுநர் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது கிண்டி மாளிகையும், டெல்லி அனுப்பி வைக்கிற பெரிய மனுசர்களும்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே மாநில ஆளுநர் ஓட்டு வாங்கி ஜெயித்து வருகிறவர். நம்மூர் முதலமைச்சரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட ஓர் ஆளுநரை. பெயர் ஜோசப் இ. பிரவுன். அடிமை முறையைக் காப்பாற்ற தென் மாநிலங்கள் நடத்திய 1861-65 உள்நாட்டுப் போர் முழுக்க ஜார்ஜியா மாநிலத்தை ஆண்டவர்.

லிங்கனைப் பற்றி நம் தோழர்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்களை யாரும் படிப்பதில்லை. 'அடிமை வைத்திருந்தவன், கெட்டவன், தோத்தான்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். நம்மை மிதிக்கிறவன் எப்படி யோசிக்கிறான், யாரைச் சேர்த்துக்கொள்கிறான், தோற்ற பிறகு எந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வருகிறான் என்று தெரியாமல் விடுதலை பேசி என்ன பயன்? பிரவுனின் வாழ்க்கை இதற்கு நல்ல பாடம்.

பிரவுன் பெரிய பண்ணையார் வீட்டில் பிறந்தவர் இல்லை. 1821ல் பிறந்து, ஜார்ஜியாவின் வடக்கு மலைப்பகுதியில் ஏர் பிடித்து வளர்ந்தவர். 1840ல், 19 வயதில், ஒரு ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு தென் கரோலினாவுக்குப் படிக்கப் போனார். அந்த மாட்டைக் கொடுத்துத்தான் சாப்பாட்டுக்கு வழி பண்ணிக்கொண்டார். பள்ளி வாத்தியார், பிறகு வக்கீல், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பு, பிறகு நீதிபதி. 1857ல் ஆளுநர் தேர்தலுக்கு அவர் பெயர் வந்தபோது, பண்ணையார் வர்க்கத்தின் பெரிய தலைவரான ராபர்ட் டூம்ப்ஸ், 'யாருப்பா இந்த ஜோ பிரவுன்?' என்று கேட்டாராம். அதனால் என்ன, மலைக்காட்டு ஏழை வெள்ளையர்களுக்கு அவர் 'நம்ம ஆளு'. நான்கு முறை தொடர்ந்து ஜெயித்தார்.

நம்ம ஆளு என்றால் எந்த நம்ம? இந்தக் கேள்வியை விடக்கூடாது. 1860 கணக்கெடுப்பின்படி ஜார்ஜியாவில் சுமார் 10.57 லட்சம் பேர். அதில் 4.62 லட்சம் பேர் அடிமைகள். வெள்ளையரிலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அடிமைகள் கிடையாது. அப்படியானால் அடிமையே இல்லாத ஏழை வெள்ளையன் பண்ணையாருக்காக ஏன் துப்பாக்கி தூக்கிச் சாக வேண்டும்? ஆளும் வர்க்கத்துக்கு இதுதான் பெரிய தலைவலி.

அதற்கு மருந்து தயாரித்துக் கொடுத்தவர் பிரவுன். லிங்கன் ஜெயித்ததும், 1860 டிசம்பரில், மக்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: அடிமைகள் விடுதலையானால் உன் கூலி குறையும், உன் நிலம் போகும், உன் பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் பிள்ளை வந்து உட்காரும். இன்றைக்கு நீ ஏழையாக இருக்கலாம், ஆனால் நீ வெள்ளையன். எங்கள் மண்ணில் அதுதான் உண்மையான பிரபுத்துவம். யாருடைய செருப்பையும் நீ துடைக்க வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணல் அம்பேத்கர்தான் கண்முன் வந்தார். படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று அவர் சொன்னது இதைத்தான். வயிற்றுக்குச் சோறு இல்லாதவனுக்கும் காலடியில் ஒருத்தனைப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், தனக்கு மேலே இருக்கிறவனை அவன் நிமிர்ந்து பார்க்கவே மாட்டான். பிரவுன் மலைக்காட்டு ஏழைக்கு ஒரு ஏக்கர் நிலம் கொடுக்கவில்லை. காலுக்குக் கீழே ஒரு மனிதனைக் காட்டினார். காசு செலவில்லாத சலுகை!

அடுத்து நடந்தது அவசர அவசரமான கூத்து. தனி நாடாகப் பிரிவதா என்று முடிவெடுக்கும் மாநாட்டுக்கு 1861 ஜனவரி 2ல் தேர்தல் நடந்தது. மறுநாளே, மாநாடு கூடுவதற்கு முன்பே, மத்திய அரசின் புலாஸ்கி கோட்டையைக் கைப்பற்ற பிரவுன் ஆள் அனுப்பிவிட்டார். ஜனவரி 19ல் மாநாடு 208க்கு 89 என்று பிரிவினையை ஏற்றது. ஓட்டு விவரத்தை மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருந்து, பிறகு பிரிவினைக்குப் பெரும் ஆதரவு என்று அறிவித்தார். பிற்கால ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம் என்று தெரிந்தது. அடிமைகளை யாரும் கேட்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

போர் தொடங்கியதும் பிரவுனுக்கு இன்னொரு முகம் வந்தது. தென்னகக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் 1862 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தார். பிரவுன் கொதித்தெழுந்தார். மாநிலத்தின் ஆளை மாநிலம்தான் அனுப்பும், தலைநகரம் யார் எங்களைக் கேட்க என்று சண்டை. மாநில அதிகாரிகள், ஊர்க்காவல் படை அதிகாரிகள் என்று பட்டியல் போட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு விலக்கு வாங்கினார். மாநில சுயாட்சியின் மாவீரன் என்று பேர் எடுத்தார்.

அவர் செய்த நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். உப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சிப்பாய்களின் விதவைகளுக்கும் குடும்பங்களுக்கும் உப்பு கிடைக்க ஏற்பாடு செய்தார். சோறு விளையட்டும் என்று பருத்தி போடுவதற்கு வரம்பு கட்டினார். தானியத்தில் சாராயம் காய்ச்சுவதைத் தடுத்தார். துப்பாக்கி பற்றாதபோது 1862ல் 10,000 ஈட்டிகள் செய்யச் சொன்னதும் இவர்தான். துப்பாக்கிப் படைக்கு எதிராக ஈட்டி! அதை ஏந்தப் போகிறவன் யார்? அதே ஏழை வெள்ளையன். 20 அடிமைகள் இருக்கிற பண்ணைக்கு ஒரு வெள்ளையனுக்கு விலக்கு உண்டு என்று 1862 அக்டோபரில் கூட்டமைப்பு சட்டம் போட்டது. 'பணக்காரன் சண்டை, ஏழையின் சாவு' என்று சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். 1863ல் அட்லாண்டாவிலும் கொலம்பசிலும் ஏழை வெள்ளைப் பெண்கள் துப்பாக்கியும் கத்தியுமாகக் கடைகளுக்குள் புகுந்து மாவும் கறியும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிரபுத்துவம் என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தது அடுப்பில் வேகவில்லை.

அட்லாண்டாவைச் சுற்றிக் காப்பரண்களை வெட்டியது அடிமைகளின் கைகள். அவர்களை வேலைக்குக் கேட்டபோது பண்ணையார்கள் மூக்கால் அழுதார்கள். பெற்ற மகனைப் போருக்கு அனுப்பிய கை, அடிமையை அனுப்ப மட்டும் தயங்கியது. மகன் ரத்தம், அடிமை சொத்து. சொத்துக்குச் சேதாரம் வந்துவிடக்கூடாது பாருங்கள்.

1864 செப்டம்பர் 2ல் அட்லாண்டா வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் கையில் விழுந்தது. நவம்பரில் அவர் படை தலைநகர் மில்லெட்ஜ்வில்லை நோக்கி வந்தது. பிரவுன் சிறைக்குப் போனார். ஆயுதம் ஏந்திச் சண்டை போட்டால் விடுதலை என்று கைதிகளிடம் சொல்லி, திறந்துவிட்டார். பிறகு குடும்பத்தோடு கிளம்பினார். ஆளுநர் மாளிகையின் நாற்காலி, கம்பளம், சமையலறை முட்டைக்கோஸ் வரைக்கும் ரயிலேறிவிட்டது என்றும், துப்பாக்கிகளும் அரசாங்கக் கோப்புகளும் அங்கேயே கிடந்தன என்றும் ஷெர்மன் எழுதி வைத்திருக்கிறார்.

கைதிக்கு ஆயுதம் கொடுத்த அதே மனுசர், 1865 பிப்ரவரியில் அடிமைகளைப் படையில் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தபோது குறுக்கே நின்றார். என்ன காரணம் சொன்னார் தெரியுமா? இவர்கள் போர் செய்யத் தகுந்தவர்கள் என்று நாமே நிரூபித்துவிட்டால், இவர்கள் விடுதலைக்குத் தகுதியற்றவர்கள் என்கிற நம்முடைய கோட்பாடே உடைந்துபோகும் என்றார். தோழர்களே, இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைக்குமா? நாடே தோற்றாலும் பரவாயில்லை, தத்துவம் தோற்கக்கூடாது. அடிமை கோழை என்பதை நம்பி அவர்கள் அவனை ஒதுக்கவில்லை. வீரன் என்று தெரிந்துவிடுமே என்கிற பயத்தில் ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வடக்குப் படையில் லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் துப்பாக்கி ஏந்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

போர் முடிந்தது. 1865 மே மாதம் பிரவுனைப் பிடித்து வாஷிங்டனில் சிறை வைத்தார்கள். சில நாளில் வெளியே வந்தார். ஜூனில் பதவியை விட்டார். 1867ல் வெற்றி பெற்ற குடியரசுக் கட்சிப் பக்கம் தாவினார். பழைய கூட்டாளிகள் துரோகி என்று காறித் துப்பினார்கள். 1868ல் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். அதே ஆண்டு, புதிய அரசியல் சட்டம் கறுப்பருக்கு ஓட்டுத்தான் கொடுத்திருக்கிறது, பதவி வகிக்கும் உரிமை கொடுக்கவில்லை என்று மேடையில் பேசியவரும் அவர்தான். செப்டம்பரில் அந்த வாதத்தை வைத்தே, மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கறுப்பு உறுப்பினர்களைச் சட்டமன்றத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். வெளியேற்றப்பட்ட ஹென்றி மெக்நீல் டர்னர், நான் மனிதனா இல்லையா என்று சபையைப் பார்த்துக் கேட்டார். அடுத்த வருசம் நீதிபதி நாற்காலியில் இருந்து, கறுப்பருக்குப் பதவி வகிக்கும் உரிமை உண்டு என்கிற தீர்ப்பில் பிரவுன் கையெழுத்தும் இருந்தது. காற்று எந்தப் பக்கமோ, தூற்றல் அந்தப் பக்கம்.

இதற்கு மேல்தான் முக்கியமான கதை. அடிமை முறையை ஒழித்த அமெரிக்க 13வது சட்டத் திருத்தத்தில் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் கட்டாய வேலை வாங்கலாம். அந்த வாசல் வழியாகப் பழைய பண்ணை உள்ளே வந்தது. வேலையில்லாமல் திரிந்தாய் என்று பிடி, பன்றி திருடினாய் என்று பிடி, தண்டனை கொடு, ஆளைக் கம்பெனிக்கு வாடகைக்கு விடு. ஜார்ஜியாவில் இதை 1868ல் தொடங்கி வைத்தது வடக்கிலிருந்து வந்த ராணுவ ஆளுநர்தான் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். 1876ல் போட்ட சட்டத்தின்படி மாநிலத்தின் கைதிகள் எல்லோரையும் மூன்று கம்பெனிகள் 20 வருசக் குத்தகைக்கு எடுத்தன. வருசத்துக்கு மொத்தமே 25,000 டாலர். கைதிகளில் மிகப் பெரும்பான்மை கறுப்பர்கள்.

குத்தகைக் கைதிகளை வைத்து டேட் மாவட்டத்தில் நிலக்கரி வெட்டியவர் நம்ம ஜோ பிரவுன். 1870லிருந்து மாநில ரயில் பாதையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் தலைவரும் அவரே. கரியும் அவருடையது, கரியை ஏற்றும் ரயிலும் அவர் கையில். அடிமை செத்தால் முதலாளிக்கு விலை நட்டம். குத்தகைக் கைதி செத்தால் அந்த நட்டம்கூட இல்லை, அடுத்த ஆளை அரசாங்கம் அனுப்பும். 1886ல் அந்தச் சுரங்கத்துக் கைதிகள் வேலைக்குப் போகமாட்டோம் என்று எதிர்த்து நின்றார்கள். சோற்றை நிறுத்தி அவர்களைப் பணிய வைத்தார்கள்.

1880லிருந்து 1891 வரை பிரவுன் அமெரிக்க செனட் உறுப்பினர். சாமியார்களைப் படிக்க வைக்கும் லூயிவில் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரிக்கு 50,000 டாலர் கொடுத்த தர்மவான். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கும் அதே தொகை. 1894ல் கோடீஸ்வரராகச் செத்தார். 1928ல் மனைவியோடு சேர்த்து அவருக்குச் சிலை வைத்தார்கள், மாநிலத் தலைமை அலுவலக வளாகத்திலேயே. கைதிகளின் ரத்தத்தில் வந்த பணம் அது என்று அந்த இறையியல் கல்லூரி தன் 2018 அறிக்கையில் எழுதியது. சுரங்கத்தில் செத்தவர்களுக்கு என்ன சிலை?

இதை எல்லாம் நாம் ஏன் படிக்க வேண்டும்? நமக்கும் அந்தப் போராட்டத்துக்கும் உறவு புதிது இல்லை. 1873ல் மகாத்மா பூலே தன்னுடைய 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். அம்பேத்கர் 1947ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது, கறுப்பர்களைக் காக்க அங்கே இயற்றிய குடியுரிமைச் சட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் நமக்கான பாதுகாப்பைக் கேட்டார். நம் அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. குற்றவாளி என்றால் பரவாயில்லை என்கிற அந்த வாசல் அதில் இல்லை. இருந்தும் என்ன? சிறைக்குள் கக்கூஸ் கழுவ ஒரு சாதி, சமைக்க ஒரு சாதி என்று சிறைக் கையேடுகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3ல்தான் உச்ச நீதிமன்றம் அவை செல்லாது என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதி பார்த்துப் பிரித்து அடைத்த விவகாரமும் அதில் பேசப்பட்டது.

மாநில உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் உட்கார்ந்து நம்மை ஆட்டுவிக்கிறவர்கள் மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. ஆனால் கிராமத்தைக் கும்பிட்டவர்களைப் பார்த்து 1948ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதை மறக்க முடியாது: கிராமம் குறுகிய புத்தியின் சாக்கடை என்றார். அதிகாரம் கீழே வந்தால் போதாது, கீழே யார் கைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். டேவிசோடு மல்லுக்கட்டிய பிரவுன் ஜார்ஜியாவுக்காகத்தான் பேசினார். அந்த ஜார்ஜியாவில் 4.62 லட்சம் பேர் இல்லை. எனவே எங்கள் மண், எங்கள் உரிமை என்று மேடையில் முழங்குகிறவர் யாராக இருந்தாலும், அந்த 'எங்கள்' என்கிற சொல்லுக்குள் சேரி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதில் வருவதற்குள் கை தட்டிவிடாதீர்கள்.