தங்கும் இடமும் வாழும் இடமும்



ஆனி பிறந்து மேற்கு மலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், நெல்லைச் சீமைக் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும்: "குற்றாலத்திற்கு எப்போது புறப்படலாம்? எங்கே தங்கலாம்?" முன்பெல்லாம் தெரிந்தவர் வீடு, சத்திரம், வாடகை அறை என்பதோடு விடை முடிந்துவிடும். இன்றோ, "ஓட்டலா, ரிசார்ட்டா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வாடகையில்தான் வேறுபாடு என்று நாம் சொல்லிவிடுகிறோம். உண்மை அதனினும் ஆழமானது.

ஓட்டல், வேறொரு காரியமாக வந்தவருக்கு உரியது. திருநெல்வேலிச் சந்திப்பில் இரயிலை விட்டிறங்கும் வியாபாரிக்கும், பாளையங்கோட்டைக் கல்லூரியில் மகளைச் சேர்க்க வந்த தந்தைக்கும் வேண்டுவன சுத்தமான படுக்கை, தண்ணீர், பாதுகாப்பு ஆகியவையே. காரியம் முடிந்ததும் அறையை மறந்துவிடுவார்கள். அதில் குறையொன்றுமில்லை.

உல்லாச விடுதியோ, தங்குவதையே காரியமாக்குகிறது. ஒரு கருத்தைத் தேர்ந்துகொண்டு, கட்டடம், உணவு, பணியாளர் உடை, பொழுதுபோக்கு அனைத்தையும் அந்த ஒரே நூலில் கோக்கிறது. 1955-இல் வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்துப் பூங்காவைத் திறந்தபோது, அதே ஆண்டில் அதனருகே ஒரு விடுதியும் எழுந்தது. பகலெல்லாம் கதையுலகில் திரிந்த குடும்பம் இரவிலும் அதைவிட்டு அகலாதிருக்க வழி பிறந்தது. நமக்கு அண்மையிலும் இதற்குச் சான்று உண்டு. செங்கோட்டை வழியே மலை தாண்டிக் கேரளத்துக் குமரகம் சென்றால், பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, வேம்பநாட்டுக் காயலோரம் மீண்டும் பொருத்தி அமைத்த விடுதியைக் காணலாம். அங்கே செல்வோர் அறைக்கு மட்டும் பணம் தருவதில்லை; முன்னோர் வாழ்ந்த முறையில் இரண்டொரு நாள் வாழ்வதற்கும் சேர்த்தே தருகிறார்கள்.

அழியவிருந்த தச்சுவேலை இவ்வாறு பிழைப்பது நன்றே. எனினும், ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 'கிராமிய வாழ்வு' என்னும் பெயரில் மாட்டுவண்டியும் திண்ணையும் பனையோலை விசிறியும் பல விடுதிகளில் விலைபெறுகின்றன. தாமிரபரணிக் கரையில் பாட்டி தனியே அமர்ந்திருக்கும் திண்ணை நமக்காகக் காத்திருக்கிறது. நாமோ கட்டணம் செலுத்தி வேறொரு திண்ணையில் அமர்ந்து புகைப்படம் எடுக்கிறோம்! விடுதி எல்லாவற்றையும் அமைத்துத் தரலாம், "ஏன் இளைத்துவிட்டாய், ராசா?" என்று கேட்கும் குரலை அமைத்துத் தர இயலுமோ?

ஆகவே, விடுதிக்கே செல்ல வேண்டாம் என்பதன்று நம் கருத்து. பகலெல்லாம் வெளியே சுற்றி இரவு உறங்க மட்டும் இடம் வேண்டுமாயின், எளிய ஓட்டலே போதும். ரிசார்ட்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகும். குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேசவே நேரமில்லையெனில், ஓரிரு நாள் அத்தகைய இடத்தில் தங்குவது பயன் தரலாம். உணவும் பொழுதுபோக்கும் வாடகையில் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது குடும்பத் தலைவரின் கடமை.

2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த குற்றாலத்தில் எந்த விடுதியில் தங்கினாலும், பேரருவியின் அடியில் செல்வரும் ஏழையரும் ஒரே நீரில்தான் நனைகின்றனர். அந்நீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. இவ்வாண்டு சாரலுக்குச் சென்று திரும்புகையில், நாமும் அந்த ஆற்றைப் போலப் பாட்டி வீட்டு வழியே வருவோமா?