மெத்தூசலாவின் வயது

மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டுவது தர்மந்தானா என்று கேட்கிறவர்களுக்கு, வெறும் வேடிக்கைக்காக என்றால் தர்மமாகாது என்றே நானும் விடை சொல்வேன். ஆனால் அந்த மீன்காட்சிசாலை ஒரு விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையின் அங்கமாக, ஆராய்ச்சியாளர்களின் அன்றாடப் பராமரிப்பில் அமைந்துவிட்டால், தொட்டிக்குள் இருக்கும் ஜீவன் மனிதனுக்கு ஆசானாகவே உயர்ந்துவிடக்கூடும் என்பதற்கு, ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் பூங்காவில் உள்ள கலிபோர்னியா விஞ்ஞானக் கழகத்தைச் சான்றாகக் காட்டுவேன்.

1853-இல் தோன்றிய அக்கழகம், 1906-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் தன் கட்டடத்தை இழந்து, பின்பு இந்தப் பூங்காவில் குடியேறி, 1923-இல் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சிசாலையைத் திறந்தது. 2008-இல் எழுந்த இன்றைய கட்டடத்தில் பவளப்பாறைத் தொட்டியும் மழைக்காடும் பார்ப்போரை வசீகரிக்கத்தான் செய்கின்றன. எனினும் என் சிந்தையை ஆட்கொண்டது, பைபிளில் 969 வருஷம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மெத்தூசலாவின் பெயரைத் தாங்கிய ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் ஒன்றே.

1938 நவம்பரில் ஃபிஜியிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வந்த வேறு 231 மீன்களோடு வந்து, அவையெல்லாம் மடிந்த பிறகும் எஞ்சி நின்றது இது. செவுள்களோடு ஒற்றை நுரையீரலும் வாய்க்கப்பெற்று, தண்ணீரில் பிராணவாயு குறையும்போது மேலே வந்து காற்றை உட்கொள்ளும் இவ்வினம், ஏறக்குறைய இதே உருவத்தோடு பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்பே வாழ்ந்ததென்று புதைபடிவங்கள் சொல்கின்றன. மீனின் காதுக்கல்லை அறுத்து, வளையங்களை எண்ணி வயதைக் கணிப்பது நெடுநாளைய வழக்கம். அதற்கு மீனின் உயிரையே பலிகொடுத்தாக வேண்டும். மெத்தூசலாவிடமோ, துடுப்பிலிருந்து அரைச் சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்த துணுக்கொன்றை மட்டும் எடுத்து, மரபணுவின்மேல் காலம் விட்டுச்செல்லும் ரசாயன அடையாளங்களைக் கணக்கிட்டு, வயது 92 இருக்கலாம், நூறைக்கூடத் தாண்டியிருக்கலாம் என்று 2023-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அணைகளால் போக்கு மாறிவிட்ட குவீன்ஸ்லாந்து நதிகளில் தத்தளிக்கும் அதன் சுற்றத்தார் எத்தனை வருஷம் உயிர்வாழ்வர் என்பதை ஒன்றையும் கொல்லாமலே அறிய வழி பிறந்திருக்கிறது. அது சாமான்யமான லாபமன்று.

இந்த மீனுக்கு அத்திப்பழத்தின்மீது பிரியம். அதுவும் புதிதாக இருக்க வேண்டும், உறையவைத்ததை விரும்பாது. இவ்வளவு நுட்பமாக அதன் ருசியை அறிந்தவர்கள், அது ஆணா பெண்ணா என்பதை மட்டும் நிச்சயமாக அறியமாட்டார்கள். பெண்ணாக இருக்கலாம் என்று கருதுகிறார்களே தவிர, ரத்தம் எடுத்துச் சோதிப்பது இந்த வயதில் ஆபத்தென்று சோதிக்காமலே விட்டுவிட்டார்கள். அறிவைத் தேடுவதற்கென்றே ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம், ஒரு ஜீவனின் நலத்தை முன்னிட்டுத் தன் ஆவலை அடக்கிக்கொண்டதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பொருட்காட்சிசாலையையும் மீன்காட்சிசாலையையும் இவ்வாறு இணைப்பது சென்னைக்கும் புதிதன்று. 1909-இல் நம் கடற்கரையில் மீன்காட்சிசாலை திறக்கப்பட்டதற்கு வித்திட்டவர், எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையின் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன். இனிமேல் மீன்காட்சிசாலை எழுப்ப நினைக்கிறவர்கள், தூர தேசத்துச் சுறாக்களுக்கும் கண்ணாடிச் சுரங்கங்களுக்கும் பணத்தை வாரி இறைக்குமுன், காற்றை உட்கொண்டு பிழைக்கும் நம் பனையேறிக்கெண்டைக்கு விசாலமான ஒரு தொட்டி கட்டட்டும். 1791-இல் தரங்கம்பாடியில் அம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ்காரர் சொன்ன சாட்சியத்தை அதன் பக்கத்தில் தெளிந்த தமிழில் எழுதிவைத்து, அது மெய்தானா என்று கேட்கும் குழந்தைக்குப் பொறுமையாக விடை சொல்ல, பிராணி சாஸ்திரம் கற்ற ஒருவரையும் அங்கே நியமிக்கட்டும்.