பயிற்சிக்குப் போகும் பிள்ளை கடன்பட்டுப் போகக்கூடாது

மாணவர் தொழிற்பயிற்சி குறித்து ஊவாத் தோட்டச் சமூகத்தின் சார்பில் எமது நிலைப்பாடு

பதுளை, பசறை, ஹாலிஎல, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களின் ஆசிரியர்கள், பட்டதாரிகள், பெற்றோர், மாணவர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. கம்பஸ், உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், தொழில்நுட்பக் கல்லூரி என்று படிக்கப்போன எங்கள் பிள்ளைகள், படிப்போடு சேர்த்துச் செய்யவேண்டிய தொழிற்பயிற்சியை எங்கே, யார் செலவில், என்ன ஆயத்தத்தோடு செய்வது? இந்தக் கேள்விக்கு எமது பதிலை இங்கே முன்வைக்கிறோம்.

எமது நிலைப்பாடு

தொழிற்பயிற்சி படிப்பின் ஒரு பகுதி. அது கொடுப்பனவோடு கிடைக்கவேண்டும். முடிந்தவரை ஊவாவுக்குள்ளேயே கிடைக்கவேண்டும். அதற்கான ஆயத்தம் முதல் வருடத்திலேயே தொடங்கவேண்டும்.

ஏன் இதைச் சொல்கிறோம்

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதத்தில் 25 நாள் முழுப் பேர் (முழு நாள் வேலை) விழுந்தால் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிந்தால் 31,050. மழை அடைத்துப் பெய்தாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, கொழுந்து குறைந்தாலோ அதுவும் கைக்கு வராது. சம்பளம் பிறகு கூடினாலும் விலைவாசியும் கூடவே ஏறுகிறது. இந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது, சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதற்குள் கொழும்பில் ஆறு மாதம் போர்டிங், சாப்பாடு, பஸ் காசு என்றால் காதில் கிடக்கும் தோடு அடகுக் கடைக்குப் போகும்.

இதனால் பிள்ளை தன் பாடத்துக்குப் பொருத்தமான இடத்தைத் தேடுவதில்லை, சொந்தக்காரர் வீடு இருக்கும் ஊரைத் தேடுகிறது. தகவல் தொழில்நுட்பம் படித்தவர், அத்தை வத்தளையில் இருக்கிறார் என்பதற்காக அங்கே ஒரு கடையில் பில் எழுதிப் பயிற்சிக் காலத்தை முடிக்கிறார். பயிற்சிப் பதிவேட்டில் வாரந்தோறும் கையொப்பம் விழுகிறது. கற்றது மட்டும் ஒன்றுமில்லை.

கடிதம் இன்னொரு சிக்கல். எங்கள் லயங்கள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி விலாசம் இல்லை. தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. எமது உறுப்பினர் ஒருவரின் மகளுக்குப் பயிற்சி நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வந்தது. மாலை மலையிலிருந்து இறங்கிய தாய் அதை வாங்கிக் கொடுத்தபோது, நேர்முகம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அந்த உறையை அந்தப் பிள்ளை இன்னும் வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் கற்றுக்கொள்ள ஊவாவில் இடமில்லாமல் இல்லை. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் பதுளையிலேயே நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் அங்கே பட்டப்படிப்பாகவே இருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையம் பசறையில் இயங்குகிறது. எல்ல, பண்டாரவளை ஹோட்டல்களுக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையைப் பார்க்கவும் வருகிறார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஏறும் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அந்தக் கொழுந்தை எடுப்பவர் எங்கள் தாய். அது வாடி, அரைபட்டு, காய்ந்து தேயிலையாகும் இடத்தில் அவருடைய பிள்ளை மாணவராக நின்று கற்க ஒரு கதிரை கேட்கிறோம்.

நாங்கள் கேட்பவை

1. பயிற்சி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் தங்குமிடம், உணவு, பயணம் ஆகிய மூன்றுக்கும் போதுமான மாதக் கொடுப்பனவு வழங்கப்படவேண்டும். நிறுவனத்தால் முழுவதையும் ஏற்க முடியாவிட்டால் மீதியை அரசு ஏற்கவேண்டும்.

2. 1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துவரும் பெருந்தோட்டக் கம்பனிகள், ஊவாவிலுள்ள தமது தொழிற்சாலைகளிலும் காரியாலயங்களிலும் தொழிலாளர் பிள்ளைகளுக்கென ஆண்டுதோறும் பயிற்சி இடங்களை ஒதுக்கவேண்டும்.

3. மாகாணத் திணைக்களங்களும் பிரதேச செயலகங்களும் தம்மிடமுள்ள பயிற்சி இடங்களின் பட்டியலைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளியிடவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரச கரும மொழி.

4. நேர்முக அழைப்பு தபாலோடு நிற்கக்கூடாது. தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் அறிவிக்கவேண்டும். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் வழங்கும் வேலையும் முடிக்கப்படவேண்டும்.

5. வெளியூர் செல்லும் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதியும், முறைப்பாடு செய்யப் பொறுப்பான ஒருவரும் இருக்கவேண்டும்.

6. கல்வி நிறுவனங்களின் தொழில் வழிகாட்டல் பிரிவுகள் முதல் வருட மாணவரையே அழைத்துப் பேசவேண்டும். தமிழ் மூலம் படித்துவந்தவர்களுக்கு ஆங்கிலமும் சிங்களமும் பேசிப் பழக வகுப்பு வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு எமது பதில்

கற்றுக்கொடுப்பதே பெரிது, காசும் கொடுக்கவேண்டுமா என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. பயிலுநர் வேலையும் செய்கிறார் என்பதே எமது பதில். காசில்லாப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் திறந்த கதவாகவும் வசதியற்ற பிள்ளைக்குப் பூட்டிய கதவாகவும் ஆகிவிடுகிறது. ஒதுக்கீடு தரத்தைக் குறைக்கும் என்றும் சொல்லப்படுகிறது. உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழக வாசல் வரை வந்தவரின் தரம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. நாங்கள் பயிற்சிக்குத்தான் இடம் கேட்கிறோம். அதன்பின் வேலையை அவர் தன் திறமையால் வெல்லட்டும்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

உங்கள் பங்கும் உண்டு. சுயவிபரக் கோவையை முதல் வருடத்திலேயே எழுதத் தொடங்குங்கள். தோட்டத்துச் சங்கத்தின் கணக்கைப் பார்த்தது, கோயில் திருவிழாவை முன்னின்று நடத்தியது, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தது எல்லாம் அனுபவம்தான், எழுதுங்கள். சிங்கள நண்பரோடு சிங்களத்திலேயே பேசுங்கள், பிழை வந்தால் வரட்டும். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழின் வழியே படிப்படியாக ஏறலாம். மின்னிணைப்பாளரும் சமையற்கலைஞரும் பட்டதாரிக்குக் குறைந்தவர்கள் அல்ல.

பெற்றோரே, பிள்ளை பயிற்சிக்குப் போகும் ஆறு மாதத்தில் சம்பளம் வரவில்லையே என்று கொழும்புக் கடை வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். அடகு வைக்குமுன் எங்களிடம் வாருங்கள். விண்ணப்பம் நிரப்பவும், நிறுவனத்தோடு பேசவும், தங்குமிடம் தேடவும் எமது உறுப்பினர்கள் உங்களோடு வருவார்கள்.

கம்பனி முகாமையாளர்களையும் மாகாண அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறோம்: இந்த வருடமே உங்கள் காரியாலயத்தில் ஒரு மேசையையாவது ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். அதற்கான அழைப்பு உரிய நாளுக்கு முன் அந்தப் பிள்ளையின் கையில் கிடைக்கட்டும்.